காரின் பின் சஸ்பென்ஷன்: பழுதறிதலும் மாற்றுதலும்

காரின் உடலைப் பின் சக்கரங்களின் மேல் தாங்கும் ஸ்பிரிங், அதன் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர், இவற்றை அச்சுடன் இணைக்கும் கைகள், ரப்பர் புஷ்கள் ஆகியவை சேர்ந்ததே பின் சஸ்பென்ஷன். வண்டியில் ஏற்றும் கூடுதல் பாரத்தின் பெரும்பகுதி இதன் மேல்தான் விழுகிறது. கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை 744இல் அடுத்தடுத்து உள்ள ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களில் பேண்டேஜ் துணிக் கட்டுகளையும் பால்கோவாப் பெட்டிகளையும், ஆடிப்பூரத்துக்கு வரும் உறவினர்களையும் சுமக்கும் வண்டிகளில் பின்பக்கமே முதலில் தளர்வது இயல்பு.

அம்பாசிடர், ஆம்னி, பொலிரோ ஆகியவற்றில் பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங். ஆல்டோ, ஸ்விஃப்ட் போன்றவற்றில் சுருள் வடிவக் காயில் ஸ்பிரிங்.

பின்பக்கம் ‘டொக் டொக்’ என்று சத்தம் வந்ததும் ஷாக்கை மாற்றிவிடுவது பரவலான பழக்கம். பல வேளைகளில் அது வீண் செலவு. புஷ் தேய்ந்து உலோகம் உலோகத்தில் மோதினாலும் அதே சத்தம் வரும். டிக்கியில் இறுக்காமல் விட்ட ஸ்டெப்னியும் ஜாக்கியும்கூட அப்படியே ஒலிக்கும். ஆகவே முதலில் டிக்கியைக் காலி செய்து ஓட்டிப் பார்ப்பது நல்லது. புஷ்ஷின் ரப்பர் வெடித்திருந்தாலோ, கடப்பாரையால் நெம்பும்போது தாராளமாக ஆடினாலோ அதை மாற்ற வேண்டும்.

பாரம் தாங்குவது ஸ்பிரிங்கின் வேலை, ஷாக்கின் வேலையன்று. ஷாக்கினுள் எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கிச் செல்லும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. எண்ணெய் கசிந்துபோன ஷாக் உள்ள சக்கரம் பள்ளத்தைத் தாண்டிய பிறகும் குதித்துக்கொண்டே இருக்கும். சாலையைத் தொடாத கணத்தில் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்தும் பயனில்லை. ஆபத்து இங்குதான் இருக்கிறது. மெல்லிய எண்ணெய்ப் பூச்சு பழுதாகாது. தூசி ஒட்டி ஈரமாக வடிந்திருந்தால் பழுது. டயரைத் தடவினால் மேடுபள்ளமாகத் தட்டுப்படுவதும் ஓர் அடையாளம். டிக்கியை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் சோதனை முழுதும் செயலிழந்த ஷாக்கைக் காட்டும், பாதி தேய்ந்ததைக் காட்டாது.

ஸ்பிரிங்கை அறிய, காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்திச் சக்கரத்தின் நடுவிலிருந்து மேல்விளிம்பு வரை இருபுறமும் அளக்க வேண்டும். ஒருபுறம் தெளிவாகத் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம் அல்லது முறிந்திருக்கலாம். பட்டை ஸ்பிரிங்கில் சென்டர் போல்ட் முறிந்தால் அச்சே நகர்ந்து, வண்டி நண்டுபோலக் கோணலாக ஓடும். தளர்ந்த பட்டைகளைக் காய்ச்சித் தட்டி வளைப்பது மலிவுதான். ஆனால் முறையாக மறுபடியும் பதப்படுத்தாத எஃகு விரைவில் தளரும் அல்லது முறியும். கூடுதல் பட்டை ஏற்றினாலும் அச்சும் டயரும் பிரேக்கும் பழைய பாரத்துக்குச் செய்யப்பட்டவையாகவே இருக்கும்.

மாற்றும்போது முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியைத் தூக்கி, உடலை ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. ஷாக்கின் போல்ட்டைக் கழற்றுமுன் அச்சுக்கு அடியில் இன்னொரு ஜாக்கி தேவை. இல்லாவிட்டால் அச்சு தொங்கிப் பிரேக் ஹோஸை இழுத்து அறுத்துவிடும். ஷாக்கும் ஸ்பிரிங்கும் தனித்தனியாக உள்ள வண்டிகளில் அச்சை மெல்ல இறக்கினால் காயில் ஸ்பிரிங் தளர்ந்து வெளியே வரும். இரண்டும் ஒன்றாகப் பூட்டிய அமைப்பில் ஸ்பிரிங் அமுக்கப்பட்ட நிலையில் இருப்பதால், அதற்குரிய அழுத்துக் கருவியின்றி நட்டைக் கழற்றுவது உயிருக்கே ஆபத்து. ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் இருபுறமும் சோடியாகவே மாற்ற வேண்டும். பட்டை ஸ்பிரிங்கின் யு போல்ட்டுகளைச் சில நாள் ஓட்டிய பின் மறுபடி இறுக்க வேண்டும்.

புஷ் போல்ட்டுகளை வண்டி தூக்கிய நிலையில் முழுதாக இறுக்குவது பட்டறைகளிலும் நேரும் தவறு. அப்படி இறுக்கினால் வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று, புதிய புஷ்ஷும் சில மாதங்களில் கிழிந்துவிடும். பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே இறுதி இறுக்கம் தர வேண்டும்.