'இன்னும் நாள் இருக்கு!' - பேஸ்பால் ரசிகர்கள் சொல்லித் தரும் பாடம்

ஏப்ரல் முதல் வாரம். நம்ம ஊரில் ஃபேனை அஞ்சாம் நம்பரில் வைத்தாலும் வியர்வை அடங்காத நேரம். அதே நேரத்தில், அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் குளிர் இன்னும் முழுசாக விட்டிருக்காது. அங்குள்ள ரிக்ளி ஃபீல்ட் மைதானத்தில் கோட்டும் குல்லாயும் மாட்டிக்கொண்டு, சூடான காபி கப்பை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தபடி ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்திருப்பார்கள். பேஸ்பால் சீசன் ஆரம்பமாகிவிட்டது!

அவர்கள் பேசிக்கொள்வதைக் கொஞ்சம் ஒட்டுக்கேட்டால், இப்படித்தான் இருக்கும்:

"நாலு மேட்ச் முடிஞ்சாச்சு. நம்ம ஆளு இன்னும் ஒண்ணுகூட உருப்படியா அடிக்கலையே... அவனை உட்கார வெச்சுட வேண்டியதுதான்!"

"அட, சும்மா இருப்பா. இன்னும் நாள் இருக்கு."

"சரி, அதை விடு. நேத்து பந்து வீசினவன் முழங்கையைப் பிடிச்சுக்கிட்டே வெளியே போனானே... பார்த்தியா?"

இந்தக் கடைசிக் கேள்வி வந்ததும் பேச்சு சட்டென்று அடங்கிவிடும். அதற்கு மட்டும் யாரும் "இன்னும் நாள் இருக்கு" என்று சமாதானம் சொல்ல மாட்டார்கள்.

'இதெல்லாம் விளையாட்டுப் பத்திரிகை சமாச்சாரம் ஆச்சே... நமக்கு எதுக்கு?' என்றுதானே கேட்கிறீர்கள்? விஷயம் இருக்கிறது. எதற்குப் பொறுமை காக்க வேண்டும், எதற்குப் பொறுக்கவே கூடாது என்பது அந்த ரசிகர்களுக்கு அனுபவத்தில் அத்துப்படி. நாம்தான் பல சமயம் அதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம். ஒரு தடவை பி.பி. கூடக் காட்டினால் ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. ஆனால் பிள்ளை மூணு வாரமாகக் கை வலிக்கிறது என்றால், "தைலம் தேய்ச்சா சரியாப் போயிடும் போ" என்கிறோம்!

162 மேட்ச்!

அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீகில் மொத்தம் 30 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் ஒரு சீசனில் 162 மேட்ச். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரைக்கும் கிட்டத்தட்ட தினமும் ஆட்டம்தான்.

பத்து தடவை மட்டையைப் பிடித்து, அதில் மூன்று தடவை ஒழுங்காக அடித்தாலே அங்கே ஒருவர் நல்ல ஆட்டக்காரர். முதல் இரண்டு வாரத்தில் ஒருவருக்குச் சுமார் 50 வாய்ப்பு வரும். அதில் 15 தடவை அடித்தால் 'ஆஹா' என்பார்கள். 13 தடவை என்றால் முகம் சுளிப்பார்கள். வித்தியாசம் எவ்வளவு? இரண்டே இரண்டு அடி! காற்று கொஞ்சம் மாறி வீசியிருந்தால், எதிரணி ஆள் ஓர் அடி தள்ளி நின்றிருந்தால், அந்த இரண்டும் இந்தப் பக்கம் வந்திருக்கும். போதாக்குறைக்கு ஏப்ரல் குளிரில் காற்றின் அடர்த்தி அதிகம். வெயில் காலத்தில் போகிற தூரம் பந்து போகாது. 2007 ஏப்ரலில் கிளீவ்லேண்ட் நகரில் பனி கொட்டி, ஒரு தொடரையே தூக்கிக்கொண்டு போய் மில்வாக்கி நகரில் நடத்தினார்கள்.

அதனால்தான் பழம் தின்று கொட்டை போட்ட ரசிகர்கள் ஏப்ரல் கணக்கை நம்ப மாட்டார்கள்.

ஒரே நாளில் ஹீரோ

1994 ஏப்ரல் 4. சிகாகோ கப்ஸ் அணியின் முதல் மேட்ச். டஃபி ரோட்ஸ் என்கிற ஆட்டக்காரர், டுவைட் கூடன் என்ற புகழ்பெற்ற வீச்சாளரின் பந்துகளில் மூன்று ஹோம் ரன் அடித்தார். (ஹோம் ரன் என்றால் நம்ம சிக்ஸர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) இப்படியே போனால் எங்கே போய் நிற்பார் என்று ஊரே கணக்குப் போட்டிருக்கும். அந்த சீசன் முழுக்க அவர் அடித்தது எவ்வளவு தெரியுமா? மொத்தமே எட்டு!

கதை அதோடு முடியவில்லை. அதே ரோட்ஸ் பிறகு ஜப்பானுக்குப் போனார். 2001-ல் ஒரே சீசனில் 55 ஹோம் ரன் அடித்து, அந்த நாட்டின் அப்போதைய சாதனையைச் சமன் செய்தார். முதல் நாளை வைத்து அவரைத் தலையில் தூக்கி வைத்ததும் தப்பு. எட்டோடு ஆள் தீர்ந்தார் என்று நினைத்ததும் தப்பு.

அணிகளுக்கும் இதே கதைதான். 2023-ல் டாம்பா பே ரேஸ் அணி முதல் 13 மேட்சையும் வரிசையாக ஜெயித்தது. ஆனால் இறுதிச் சுற்றுகளின் முதல் படியிலேயே டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியிடம் தோற்று வீட்டுக்குப் போனது. 2019-ல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி முதல் 50 மேட்சில் 19-ல்தான் ஜெயித்தது. அந்த வருஷம் கோப்பை யாருக்கு? அவர்களுக்குத்தான்.

நம்ம வீட்டு 'ஏப்ரல் கணக்கு'

இப்போது நம்ம வீட்டுக்கு வாருங்கள். மாடிப்படி ஏறி வந்த கையோடு, அப்பா பி.பி. மெஷினை மாட்டுகிறார். 150/95 என்று காட்டுகிறது. வீடே அல்லோலகல்லோலப்படுகிறது!

அது ஒரே ஒரு மேட்ச் ஸ்கோர், அவ்வளவுதான். அரை மணி நேரம் முன்பு வரை காபி, சிகரெட் கூடாது. ஐந்து நிமிஷம் பேசாமல், சாய்ந்து, காலைத் தரையில் ஊன்றி உட்கார வேண்டும். பிறகு பாருங்கள். ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை பாருங்கள். இப்படி வெவ்வேறு நாட்களில் எடுத்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். அவர் பார்க்க விரும்புவது அந்த நோட்டைத்தான்.

சர்க்கரையும் இப்படியே. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரு டெஸ்ட்டில் கூடுதலாக வந்தால், இன்னொரு டெஸ்ட் எடுத்து உறுதி செய்த பிறகுதான் 'சர்க்கரை நோய்' என்று டாக்டர் முடிவுக்கு வருவார். ஒரு நாள் ரத்தச் சர்க்கரை என்பது ஒரு மேட்ச் ஸ்கோர் என்றால், 'ஹெச்பிஏ1சி' டெஸ்ட் சீசன் சராசரி மாதிரி. கடந்த இரண்டு, மூன்று மாதத்தில் சர்க்கரை எப்படி இருந்தது என்பதை அது சொல்லிவிடும்.

ஒரு விஷயத்தைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 'இன்னும் நாள் இருக்கு' என்றால் 'கண்டுக்காம விடு' என்று அர்த்தம் இல்லை. 1988-ல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி முதல் 21 மேட்சிலும் தோற்றது. சீசன் முடிவில் 107 தோல்வி! அந்த ஏப்ரல் சொன்னது நிஜம்தான். ஆகவே, பதறவும் வேண்டாம், மறக்கவும் வேண்டாம். தொடர்ந்து அளந்து பாருங்கள்.

பொறுக்கக் கூடாத செய்தி

சரி... ரசிகர்களை வாயடைக்க வைக்கிற அந்த முழங்கை விவகாரத்துக்கு வருவோம்.

2024 ஏப்ரல். கிளீவ்லேண்ட் அணியின் ஷேன் பீபர் இரண்டு மேட்சில் பந்து வீசியிருந்தார். எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. 20 பேரை 'ஸ்ட்ரைக் அவுட்' முறையில் வெளியேற்றியிருந்தார். ஸ்கோரை மட்டும் பார்த்தால், இப்படி ஓர் ஆரம்பம் யாருக்குக் கிடைக்கும்! ஆனால், உள்ளே முழங்கையின் தசைநார் போயிருந்தது. ஆபரேஷன். அவர் பெரிய லீக் மைதானத்துக்குத் திரும்பியது 2025 ஆகஸ்டில், டொரான்டோ அணிக்காக. அதே 2024 ஏப்ரலில் அட்லாண்டாவின் ஸ்பென்சர் ஸ்ட்ரைடர், மயாமியின் இளம் வீச்சாளர் யூரி பெரெஸ் இருவருக்கும் முழங்கையில் ஆபரேஷன்.

ஏன் இப்படி? முழங்கையின் உள்பக்கம், மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் இழுத்துக் கட்டியிருக்கிற ஒரு சின்னத் தசைநார் இருக்கிறது. பேஸ்பாலில் கையை மடக்கி, விசுக்கென்று சுழற்றி வீசுகிற ஒவ்வொரு தடவையும் அது இழுபடுகிறது. 2008-ல் வேகப்பந்தின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 147 கிலோமீட்டர். 2024-ல் சுமார் 152. வேகம் ஏற ஏற தசைநார் மீதான இழுப்பும் ஏறுகிறது. வேகத்தையும் சுழற்சியையும் துரத்துகிற ஆசைதான் காயங்கள் பெருக முக்கியக் காரணம் என்று லீக் நிர்வாகமே 2024 டிசம்பரில் ஓர் அறிக்கையில் சொன்னது.

இந்த ஆபரேஷனுக்கு ஓர் ஆட்டக்காரரின் பெயரையே வைத்துவிட்டார்கள். 1974-ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் டாமி ஜானுக்கு முழங்கைத் தசைநார் அறுந்தது. ஃபிராங்க் ஜோப் என்ற எலும்பு டாக்டர், அவருடைய இன்னொரு கையிலிருந்து ஒரு நாணை எடுத்து இங்கே வைத்துத் தைத்தார். 1976-ல் திரும்பி வந்த டாமி ஜான், 1989 வரை, அதாவது 46 வயது வரை விளையாடினார்!

இந்த வெற்றிக் கதைக்கு ஒரு பக்க விளைவும் உண்டு. 'ஆபரேஷன் பண்ணிக்கிட்டா கை முன்னைவிட பலமாயிடும்' என்று நம்புகிற பெற்றோர் அங்கே இருக்கிறார்கள். சுத்தத் தப்பு! அறுந்ததைச் சரிசெய்கிற வைத்தியம் அது. நல்ல கைக்கு பலம் ஏற்றுகிற டானிக் இல்லை. திரும்பிப் பந்து வீசவே ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம் ஆகும். எல்லோருமே பழைய ஆட்டத்துக்குத் திரும்புவார்கள் என்று உத்தரவாதமும் இல்லை.

வளர்கிற கை... கவனம்!

பெரியவர்களைவிடப் பிள்ளைகள் விஷயத்தில்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். வளரும் வயதில் எலும்பு முனையில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கும். தசைநாரைவிட அது பலவீனமானது. திரும்பத் திரும்ப வீசும்போது, முதலில் அடிபடுவது அதுதான்.

அதனால், 2014-ல் லீகும் அமெரிக்க பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து சிறுவர்களுக்குப் பந்துக் கணக்கு வகுத்தன. ஒரு நாளைக்கு அதிகபட்சம் 7-8 வயதில் 50 பந்து. 9-10 வயதில் 75. 11-12 வயதில் 85. 13 முதல் 16 வயது வரை 95. பதினாலு வயது வரை, ஒரே நாளில் 66 பந்து அல்லது அதற்கு மேல் வீசினால், அடுத்த 4 நாள் கட்டாய ஓய்வு. வருஷத்தில் குறைந்தது 4 மாதம் பந்து வீசவே கூடாது!

நம்ம பிள்ளைகள் பேஸ்பால் ஆடுவது அபூர்வம்தான். கிரிக்கெட்டில் முழங்கையை நீட்டி வீசுவதால் இழுப்பும் வேறு மாதிரி. அங்கே இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் விரிசல் விழுகிற ஆபத்து உண்டு. ஈட்டி எறிகிறவர்களுக்கோ இதே முழங்கைத் தசைநார்தான் பாதிக்கப்படும். விளையாட்டு எதுவானாலும் விதி ஒன்றுதான்: ஒரே அசைவு, ஓய்வில்லாமல், வருஷம் பூரா என்றால் வளரும் உடம்பு தாங்காது.

கீழே இருப்பவற்றில் எது இருந்தாலும் தைலம் தேய்த்துக் காத்திருக்க வேண்டாம். ஆட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

* எறியும்போது முழங்கையின் உள்பக்கம் வலி
* கையை முழுசாக நீட்டவோ மடக்கவோ முடியாமை
* மோதிர விரல், சுண்டு விரலில் மரத்துப்போகும் உணர்வு
* வேகமும் குறியும் திடீரென்று குறைவது
* வேகமாகப் பந்து வீசுகிற பிள்ளைக்கு நீடிக்கும் இடுப்பு வலி

பெரியவர்களுக்கும் பொறுக்கக் கூடாத பட்டியல் உண்டு. நெஞ்சில் அழுத்தம், முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு கை மட்டும் துவளுவது... இதற்கெல்லாம் 'காலையில பார்த்துக்கலாம்' கிடையாது. பி.பி. 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ இருந்தாலும் அப்படியே. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

மறுபடி அந்தக் குளிர் மைதானத்தை நினைத்துப் பாருங்கள். ஸ்கோர் போர்டைப் பார்த்து, "இன்னும் நாள் இருக்கு" என்று தோளைத் தட்டுகிற அதே ரசிகர், வீச்சாளர் முழங்கையைத் தொட்டுப் பார்த்தாலே எழுந்து நின்றுவிடுகிறார்.

இன்றைக்குச் சாயங்காலம் மட்டையும் பந்துமாக வீடு திரும்புகிற உங்கள் பிள்ளையிடம், "இன்னிக்கு எவ்வளவு ஸ்கோர்?" என்று கேளுங்கள். கூடவே, "கை, முதுகு எங்கேயாவது வலிக்குதாடா?" என்றும் கேட்டுவிடுங்கள். வலியைச் சொன்னால் விளையாட விட மாட்டார்கள் என்று பயந்து மறைக்கிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. நீங்களாகக் கேட்டால்தான் வாய் திறக்கும்.