இருமல் வந்தால் திரும்பிவிடுவோம்!



"ஆப்பிரிக்காவுக்குக் கொரில்லா பார்க்கப் போறோம்" என்று நான் சொன்னதும், பக்கத்து வீட்டு மைனி கையிலிருந்த மீன் சட்டியைக் கீழே வைத்துவிட்டார். "உங்களுக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? குரங்கு பார்க்கணும்னா குத்தாலத்துக்குப் போங்க. டிக்கெட்டும் கிடையாது. அதுவே வந்து கையில இருக்கிற பையையும் பறிச்சிக்கிடும்!"

என்னவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் கப்பலில் இன்ஜினியர். எங்களது 35-ஆவது கல்யாண நாள் விருந்துக்கு என்று சேர்த்த பணத்தோடு தன் பங்கையும் போட்டு, "உகாண்டா போயிட்டு வாங்கம்மா" என்றான். டி.வி.யில் கொரில்லா வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருகிறவள் நான் என்பது அவனுக்குத் தெரியும்.

என் தாத்தா முத்துக்குளித்தவர். எங்கள் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. என் பிள்ளைகளுக்கு அது வெறும் கதைதான். எதையும் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு அதனால்தான் வந்ததோ என்னவோ!

மலைக் கொரில்லாக்கள் உகாண்டா, ருவாண்டா, காங்கோ ஆகிய மூன்று நாடுகளின் மலைக்காடுகளில் மட்டுமே உள்ளன. கடைசியாக எடுத்த கணக்குகளின்படி மொத்தமே 1,063. காட்டுக்குள் போக ஓர் ஆளுக்கு அனுமதிச் சீட்டு ருவாண்டாவில் 1,500 டாலர், உகாண்டாவில் 800 டாலர். நம் பணத்தில் 800 டாலர் என்பது ஏறத்தாழ 70 ஆயிரம் ரூபாய். அதனால் உகாண்டாவின் புவிண்டி காட்டைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு கொரில்லா குடும்பத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு எட்டுப் பேருக்குத்தான் அனுமதி. அதுவும் ஒரே ஒரு மணி நேரம்! 15 வயது ஆகாதவர்களை விடுவதில்லை. பேத்திக்கு 12 வயதுதான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மழை குறைந்த மாதங்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஜூலை 26-இல் பனிமய மாதா கோவில் கொடியேற்றம். அதை விட்டுவிட்டு எங்கே போவது? ஆகவே ஜூன் என்று முடிவு செய்தோம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட வேண்டும். அந்த மஞ்சள் அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் இங்கே ஆறு நாள் தனியாக வைத்துவிடுவார்கள். கப்பல்காரர் வீடுகளுக்கு இந்த அட்டை புதிதில்லை. எங்கள் ஊர் துறைமுக சுகாதார அலுவலகத்திலேயே போடுகிறார்கள். ஆனால் 60 வயதைத் தாண்டியவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. என்னவருக்கு 61.

காட்டில் ஒரு மணி நேரமும் நடக்கலாம், ஆறு மணி நேரமும் நடக்கலாம். கொரில்லா எங்கே இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும். எங்கள் ஊரோ சமதரை. அதனால் தினமும் காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கழுகுமலை ஏறுகிறோம். முடியாதவர்களைச் சபரிமலை டோலி மாதிரி தூக்கிப் போகவும் அங்கே ஆள் உண்டு. மகள் எனக்குப் பேண்ட் வாங்கி வந்திருக்கிறாள். "சேலையைக் கட்டிக்கிட்டுப் போனா காட்டு முள்ளு பூரா முந்தானையைப் பிடிச்சி இழுக்கும்மா" என்கிறாள்.

இத்தனைக்கும் மேலே ஒரு விதி உண்டு. சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் காட்டுக்குள் விட மாட்டார்கள். முகக்கவசம் போட்டு, பத்து மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும். நம்முடைய டவுன் பஸ் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

என்னவருக்குக் காற்று மாறினாலே இருமல் வரும். "ஒரு மாத்திரையைப் போட்டுக்கிட்டா யாருக்குத் தெரியப் போவுது? எழுபதாயிரத்தை விட்டுட்டா வர முடியும்?" என்றார்.

அப்போதுதான் மகன் அனுப்பிய ஒரு செய்தியை அவருக்குப் படித்துக் காட்டினேன். 1996-இல் புவிண்டியில் ஒரு கொரில்லா குடும்பத்துக்கு முடி கொட்டி, தோல் வெள்ளை வெள்ளையாக உரிந்தது. கிளாடிஸ் கலேமா-ஸிகுசோகா என்ற உகாண்டா நாட்டுப் பெண் கால்நடை மருத்துவர் போய்ப் பார்த்தார். அது சொறி சிரங்கு! மருந்து கொடுத்து மற்றவற்றைக் காப்பாற்றினார்கள். ஒரு குட்டி மட்டும் செத்துப்போனது. காட்டோரத்து ஏழை மக்களிடமிருந்து அந்த நோய் தொற்றியிருக்கிறது. வயலில் சோளக்கொல்லைப் பொம்மைக்குப் போட்டிருந்த பழந்துணி வழியாக வந்திருக்கலாம் என்கிறார்கள். மனிதருக்கும் கொரில்லாவுக்கும் மரபணு சுமார் 98 சதவீதம் ஒன்று. அதனால் நமக்கு வரும் நோய் அதற்கும் எளிதாக வந்துவிடும்.

"பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டுக்குச் சளியோட யாராவது வந்தா நாம தொட்டிலுக்குப் பக்கத்துல விடுவோமா? உங்க அத்தையையே வாசலோட அனுப்பினீங்களே!" என்று கேட்டேன்.

அவர் பதிலே சொல்லவில்லை. சாயங்காலம் பார்த்தால், பயணக் குறிப்பு எழுதும் நோட்டில் அவர் கையெழுத்தில் ஒரு வரி: 'அன்று காலை இருவரில் யாருக்கு இருமல் இருந்தாலும் போவதில்லை.'

பணம் போனால் போகட்டும் என்று சொல்ல நாங்கள் ஒன்றும் பணக்காரர்கள் இல்லை. வயிறு எரியத்தான் செய்யும். ஆனாலும் எங்களுடைய ஒரு மணி நேர ஆசைக்கு ஒரு தாய்க் கொரில்லா தன் குட்டியைப் பறிகொடுக்க வேண்டுமா, சொல்லுங்கள்!

சகோதரிகளே, நீங்கள் உகாண்டா போகாவிட்டாலும், குற்றாலத்துக் குரங்குக்குக் கடித்த பழத்தை நீட்டுமுன் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

போய் வந்து எழுதுகிறேன். பார்க்காமல் திரும்பினால், அதையும் எழுதுகிறேன்.

- ஒரு வாசகி, தூத்துக்குடி.