டர்போ மாட்டினால் போதுமா? இன்ஜெக்டரைக் கவனிக்காவிட்டால் பிஸ்டனில் ஓட்டை விழும்!

டர்போ மாட்டியாச்சு, எக்ஸாஸ்ட் மாத்தியாச்சு, இன்டர்கூலரும் வந்தாச்சு. கையில் இருந்த பணமும் தீர்ந்தாச்சு. 'இன்ஜெக்டர்தானே, கம்பெனி கொடுத்ததே இருக்கட்டும்' என்று அப்படியே இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கோ, கோவை கரி ஸ்பீடுவேக்கோ கிளம்புபவர்கள் இருக்கிறார்கள். சேர்த்த காசு மொத்தமும் கரைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

காரணம் எளிது. டர்போ இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறது. அதற்கு ஏற்ற பெட்ரோல் வராவிட்டால் கலவை 'லீன்' ஆகிவிடும். சூடு ஏறும், நாக்கிங் வரும், சில நொடிகளில் பிஸ்டன் உருகி ஓட்டை விழக்கூட வாய்ப்புண்டு.

இன்ஜெக்டரைக் கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றுபவராக நினைத்துக்கொள்ளுங்கள். பந்தி வேகமாக நகர்கிறது; ஒவ்வோர் இலைக்கும் அவருக்குக் கிடைப்பது சில விநாடிகள். கரண்டி சின்னதாக இருந்தால் கடைசி வரிசைக்கு வெறும் சோறுதான்.

6,000 ஆர்.பி.எம்-மில் ஒரு சிலிண்டரின் முழுச் சுற்றுக்குக் கிடைக்கும் நேரம் 20 மில்லி செகண்ட். இதில் இன்ஜெக்டர் திறந்திருக்கும் பங்குக்குத்தான் 'டூட்டி சைக்கிள்' என்று பெயர். 80 சதவிகிதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது டியூனர்களின் வழக்கம். 100-ஐ நெருங்கினால் இன்ஜெக்டர் மூடவே நேரமிருக்காது. அதற்கு மேல் கேட்டாலும் பெட்ரோல் வராது.

சரி, எவ்வளவு சி.சி. வாங்குவது?

நாலு சிலிண்டர், 1.5 லிட்டர் ஹோண்டா சிட்டியில் டர்போ மாட்டி 200 பி.எச்.பி. எடுக்கப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டர்போ பெட்ரோல் இன்ஜின் ஒரு பி.எச்.பி-க்கு மணிக்குச் சுமார் 250 கிராம் பெட்ரோல் குடிக்கும். மொத்தம் 50 கிலோ. நாலு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் தலைக்கு 12.5 கிலோ, அதாவது நிமிடத்துக்கு 280 சி.சி. 80 சதவிகித டூட்டி சைக்கிளில் இதைத் தர வேண்டுமென்றால் இன்ஜெக்டரின் அளவு 350 சி.சி. இருக்க வேண்டும்.

இதோடு கணக்கை மூடிவிடாதீர்கள். இப்போது நம் பங்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் சக்தி குறைவு என்பதால், அதே பவருக்கு 6, 7 சதவிகிதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து அளவு எடுப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். என் கணக்கில் இந்த காருக்கு 400 முதல் 450 சி.சி. சரியாக இருக்கும்.

'எதற்கு வம்பு, 1,000 சி.சி. போட்டுவிடலாமே' என்பவர்களும் உண்டு. இன்ஜெக்டருக்குக் கரன்ட் கொடுத்ததும் உடனே திறந்துவிடாது. சுமார் ஒரு மில்லி செகண்ட் தாமதிக்கும். இதுதான் 'டெட் டைம்'. பேட்டரி வோல்டேஜ் குறைந்தால் இந்தத் தாமதம் கூடும். ஐடிலிங்கில் இன்ஜினுக்குத் தேவை சொட்டு பெட்ரோல்தான். 1,000 சி.சி. இன்ஜெக்டர் அதைக் கொடுக்க, டெட் டைம் போக அரை மில்லி செகண்டுக்கும் குறைவாகத் திறந்தால் போதும். அவ்வளவு குறைந்த நேரத்தில் மலிவான இன்ஜெக்டர்களால் ஒரே அளவாக ஊற்ற முடியாது. சிக்னலில் நிற்கும்போது கார் குலுங்கும், பெட்ரோல் வாடை அடிக்கும்.

இன்னொரு குறுக்குவழி, பிரஷரை ஏற்றுவது. 3 பாரை 4 பாராக்கினால் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வரும் என்று தோன்றும். வராது. ஓட்டம் பிரஷரின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் 15 சதவிகிதம்தான் கூடும். கூடவே ஃப்யூல் பம்ப்பும் திணறும். பிரஷர் ஏற ஏற அது தள்ளும் அளவு குறைந்துவிடும்.

ரெகுலேட்டருக்கு மேனிஃபோல்டிலிருந்து வேக்குவம் குழாய் போகிறதா என்று கட்டாயம் பாருங்கள். இல்லாவிட்டால் 1 பார் பூஸ்ட் வரும்போது அது பெட்ரோலை எதிர்த்துத் தள்ளும். 3 பாரில் 2 பார்தான் மிஞ்சும். அதிகம் தேவைப்படும் நேரத்தில் 18 சதவிகிதம் குறைவாகக் கிடைக்கும்.

வாங்கும்போது சி.சி. எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அது எந்த பிரஷரில் அளந்தது என்று கேளுங்கள். நாலும் ஒரே அளவில் ஊற்றுகின்றன என்பதற்கு ஃப்ளோ டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டும். வோல்டேஜ் வாரியான டெட் டைம் அட்டவணை கேளுங்கள். அது இல்லாமல் டியூன் செய்வது குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்வது மாதிரி. பெரிய பிராண்டுகளின் பெயரில் போலிகள் தாராளமாக உலவுகின்றன. பாதி விலைக்கு 'ஒரிஜினல்' என்றால் ஒதுங்கிவிடுங்கள். இன்ஜெக்டரின் ரெசிஸ்டன்ஸும் முக்கியம். 12 ஓம்ஸுக்கு மேற்பட்டவற்றுக்கான ஈ.சி.யூ-வில் 2, 3 ஓம்ஸ் இன்ஜெக்டரை நேரடியாக மாட்டினால் ஈ.சி.யூ-வே போய்விடும்.

போலோ டி.எஸ்.ஐ மாதிரி டைரக்ட் இன்ஜெக்‌ஷன் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே பிரஷர் நூறு பாருக்கு மேல். பம்ப், சாஃப்ட்வேர் எல்லாம் வேறு கதை.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கிளெய்மும் சிக்கலாகலாம். டிராக்குக்கென்றே தனி கார் வைத்துக்கொள்வது நல்லது.

மாட்டியதும் முதல் வேலை ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது அல்ல. எக்ஸாஸ்ட்டில் வைட்பேண்ட் சென்சார் பொருத்தி, லாம்டா அளவைப் பார்த்தபடி பூஸ்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். எந்தப் பெட்ரோலாக இருந்தாலும் லாம்டா கணக்கு ஒன்றுதான். முழு பூஸ்ட்டில் 0.80-ஐ ஒட்டி நின்றால் நிம்மதி. 0.90-ஐத் தொட்டால் உடனே காலை எடுத்துவிடுங்கள்.