எஃப் 41.1

தாராபுரத்துச் சிற்றூர்களிலிருந்து பின்னலாடை வேலைக்குச் செல்லும் தையல் தொழிலாளி ஒருவர், மனத்தில் பதற்றம் என்று சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் வருவது அரிது. “நெஞ்சு படபடங்குதுங்க, கழுத்தெல்லாம் இறுகிக் கெடக்குது, ராத்திரி தூக்கமே இல்லீங்க” என்பார். நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் இம்முறையீடு ‘படபடப்பு’ என்று ஒற்றைச் சொல்லாய்ச் சுருங்குமாயின், நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் அதற்குரிய இடம் ஆர் 00.2. அது அறிகுறிக்கு இட்ட எண். இதயத்துடிப்பு வரைவு இயல்பாய் இருக்கும். சத்து மாத்திரையோடு வீடு திரும்பியவர் அடுத்த மாதமும் வந்து நிற்பார்.

அவருக்குள்ள நோய் பொதுமைப் பதற்ற நோயாயின் அதன் குறியீடு எஃப் 41.1. அந்த எண்ணுக்கு உரிமை தருபவை மருத்துவர் எழுதும் சில வரிகளே. கடன், பிள்ளைகளின் படிப்பு, ஆர்டர் குறையுமோ என்னும் அச்சம் எனக் கவலை பலவற்றின்மேலும் படர்ந்துள்ளதா? எத்தனை மாதமாக? வேலையும் உறக்கமும் எவ்வளவு கெட்டன? அப்பத்தாம் பதிப்பின் ஆய்வுக்கான அளவுகோல் ஆறு மாத நீட்சியையும், இருபத்திரண்டு அறிகுறிகளுள் நான்கையேனும் கேட்கிறது. அந்நான்கில் ஒன்று படபடப்பு, வியர்வை, நடுக்கம், வாய் உலர்தல் ஆகியவற்றுள் அடங்கவேண்டும். தைராய்டு மிகைச் சுரப்பும் இரத்தச் சோகையும் இதே தோற்றம் காட்டும்; மூச்சிரைப்புக்குத் தரும் சால்பூட்டமாலும் நெஞ்சைப் படபடக்கச் செய்யும். அவற்றை ஆராய்ந்து விலக்கிய செய்தியும் குறிப்பில் இடம்பெற வேண்டும். வெறுமனே ‘பதற்றம்’ என்றெழுதினால் கிடைப்பது எஃப் 41.9, வகை குறிக்கப்படாதது. அவசரத்தின் புகலிடம் அது.

ஆறு மாதம் என்னும் எல்லை இயற்கை வகுத்ததன்று. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் வெளியிட்ட நோயறி கையேட்டின் மூன்றாம் பதிப்பு இந்நோயைத் தனியே பிரித்தபோது ஒரு மாதமே போதும் என்றது. 1987இல் திருத்தியபோது அதனை ஆறாக்கியது. 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு வகைப்பாட்டின் பதினோராம் பதிப்போ ‘பல மாதங்கள்’ என்று நெகிழ்ந்து, 6பி00 என்னும் புதிய எண்ணை வழங்கியுள்ளது. அறிஞர் குழுக்களின் உடன்பாட்டில் பிறந்த எல்லை இது; எனினும் குறிப்பில் காலம் எழுதப்படாவிடில் எந்தப் பதிப்பைக் கொண்டும் நோயை உறுதிசெய்ய இயலாது.

பதற்றத்தை அளக்க 2006இல் வெளியான ஏழு வினா அளவி இங்கு ஓரளவு துணைசெய்யும். மொத்த மதிப்பு 21. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மேலும் ஆராய வேண்டும். ஆனால் அது கேட்பது கடந்த இரு வாரங்களைப் பற்றி மட்டுமே. ‘மதிப்பெண் 14’ என்று எழுதிவிட்டு நோயை முடிவுசெய்வோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

குறிப்பு மருத்துவரோடு நின்றுவிடுவதில்லை. 2017ஆம் ஆண்டின் இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டம் உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வழங்கப் பணிக்கிறது. தம் அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையையும் நோயாளிக்கு அதன் 25ஆம் பிரிவு தருகிறது. தையல் தொழிலாளி நாளை தம் குறிப்பைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். ‘பயந்த சுபாவம்’ என்று அதில் எழுதியிருந்தால் காப்பீட்டாளருக்கும் அடுத்து அவரைப் பார்க்கும் மருத்துவருக்கும் அது எதையும் தெரிவிக்காது. அவருக்கோ அவமதிப்பாகவே படும்.