கோள் வளைய இடைவெளிகளின் விளிம்பும் நிலவுகளும்: காவலூர்ப் பதிவை முன்வைத்து

1977 மார்ச் 10 அன்று, யுரேனசு ஒரு விண்மீனை மறைக்கும் நிகழ்வைக் காவலூர் வானாய்வகத்தின் 102 செ.மீ. தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அவதானித்தனர். கோளுக்கு அப்பால் விண்மீனின் ஒளி சற்று மங்கியது. அதனைப் புதிய நிலவொன்றின் சுவடாகக் கொண்டு ‘நேச்சர்’ இதழில் எழுதினர். அன்றே இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த கைப்பர் வானூர்தி ஆய்வகத்தில் எலியட் குழுவினர் கோளின் இருபுறமும் ஒத்த தொலைவுகளில் மங்கல்களைப் பதிந்தனர். மறைத்தவை வளையங்கள் எனத் தெளிவாயிற்று. கையிலிருந்த சான்றுக்குக் காவலூரின் முடிவு பொருந்தாததன்று.

எனினும் நிலவு வேறு வழியில் திரும்பி வந்தது. ஒளி திடீரெனக் குறைந்து திடீரென மீண்டதால், வளையங்களின் விளிம்புகள் கூர்மையானவை என அறியப்பட்டது. துகள்கள் ஓயாமல் மோதிக்கொள்ளும் வளையமோ காலப்போக்கில் பரவி விளிம்பிழக்க வேண்டும். அதைத் தடுப்பவை இருபுறமும் சுற்றும் சிறு நிலவுகளே என 1979இல் கோல்ட்ரைக்கும் டிரெமைனும் கூறினர்.

ஈர்க்கும் நிலவு துகள்களை விலக்குவது எங்ஙனம்? நிலவுக்கு உட்புறமுள்ள துகள் விரைந்து சென்று அதனை முந்துகிறது. முந்துகையில் அதன் பாதை நிலவை நோக்கி வளைகிறது. முன்னோக்கிய வேகத்தில் ஒரு பகுதி குறுக்குவாட்டில் திரும்பிவிடுகிறது. இவ்வாறு கோண உந்தத்தை இழந்த துகள் கோளை நோக்கி நகர்கிறது. வெளிப்புறத் துகளை நிலவு முந்துவதால், அது கோண உந்தம் பெற்று வெளியே நகர்கிறது. நிலவின் வழியில் இடைவெளி உண்டாகிறது.

குறுக்குவாட்டு அசைவு விளிம்பில் அலையாக எஞ்சுகிறது. அலைநீளம் விளிம்புக்கும் நிலவின் பாதைக்குமுள்ள தொலைவைப் போல் ஏறத்தாழ ஒன்பதரை மடங்கு. உள்விளிம்பில் அலைகள் நிலவுக்கு முன்னும், வெளிவிளிம்பில் பின்னும் அமையும். ஆகவே அலையைக் கொண்டே நிலவைத் தேடலாம். சனியின் ஏறத்தாழ 325 கி.மீ. அகன்ற என்கே இடைவெளியில் இவ்வலைகளைக் கண்ட குசியும் ஸ்கார்கிலும் 1985இல் நிலவொன்றை ஊகித்தனர்; வாயேஜரின் பழைய படங்களிலேயே 1990இல் ஷோவால்டர் அதனைக் கண்டெடுத்தார். அதுவே பான். கீலர் இடைவெளியின் டாப்னிசு, காசினி விண்கலத்தால் 2005இல் காணப்பட்டது. அதன் பாதை சற்றே சாய்ந்திருப்பதால் அலைகள் செங்குத்தாகவும் எழுகின்றன. 2009இல் சனியில் சமபகல் நிகழ்ந்தபோது அவற்றின் நிழல் வளையத்தின் மீது நீண்டு விழுந்தது.

எல்லா விளிம்புக்கும் காரணமான நிலவு அருகிலிருக்க வேண்டுவதில்லை. காசினிப் பிரிவின் உள்ளெல்லையான பி வளையத்தின் வெளிவிளிம்பில், தொலைவிலுள்ள மைமாசு ஒருமுறை சுற்றுவதற்குள் துகள்கள் இருமுறை சுற்றுகின்றன. இந்த ஒத்ததிர்வே அவ்விளிம்பை அங்கே நிறுத்துகிறது.

யுரேனசில், எப்சிலான் வளையத்தின் இருபுறமும் கார்டீலியா, ஒபீலியா என்னும் நிலவுகளை 1986இல் வாயேஜர் 2 கண்டது. அக்கோளின் மற்றக் குறுகிய வளையங்களுக்கு இத்தகைய நிலவிணை இன்னும் காணப்படவில்லை.