கயிறு இறுகினால் கால் போகும்!

பனிமலையில் பயணம் போகிறவனுக்கு முதல் எதிரி எது?

புயலா? பள்ளமா? ஓநாயா?

அவை எல்லாம் பிறகு. முதல் எதிரி அவன் காலிலேயே இருக்கிறது. அதுதான் பூட்ஸ் கயிறு!

சரியாகக் கட்டினால் அந்தக் கயிறு உற்ற நண்பன். தப்பாகக் கட்டினால் விரலையே வாங்கிவிடும்.

நார்வே நாட்டில் குளிர்காலம் வந்தால் மலையெல்லாம் பனி மூடிவிடும். காலில் நீண்ட பலகைகளை மாட்டிக்கொண்டு மக்கள் அந்தப் பனியில் சறுக்கிப் போவார்கள். இந்தப் பலகைக்கு "ஸ்கீ" என்று பெயர். ஈஸ்டர் விடுமுறையில் குடும்பம் குடும்பமாக மலைக்குக் கிளம்பிவிடுவார்கள். வழியில் தங்குவதற்குக் குடிசைகள் உண்டு. 1868-ல் தொடங்கிய பயணிகள் சங்கம் ஒன்று இப்போது 500-க்கும் மேற்பட்ட குடிசைகளை நடத்துகிறது.

ஒரு குடிசையிலிருந்து அடுத்த குடிசைக்குப் போக ஒரு பகல் முழுவதும் ஆகலாம். நடுவில் கடை இல்லை, வீடு இல்லை, வண்டி இல்லை. கால் கெட்டால் கதி கெட்டது!

குதிகால் தூக்கும் பூட்ஸ்

மலைச்சரிவில் வேகமாகச் சறுக்கி விளையாடுகிறவர்கள் கெட்டியான பிளாஸ்டிக் பூட்ஸ் போடுவார்கள். அதைக் கொக்கி போட்டு இறுக்குவார்கள்.

மலை கடந்து நெடுந்தூரம் போகிறவர்களின் பூட்ஸ் வேறு மாதிரி. அதன் முன்நுனி மட்டுமே பலகையோடு பூட்டப்பட்டிருக்கும். குதிகால் மேலே எழும்பும். ஒவ்வோர் அடிக்கும் பூட்ஸ் வளையும், நிமிரும். இதற்குத் தோல் பூட்ஸும் கயிறும்தான் ஏற்றவை. திருகினால் இறுகும் கம்பி வைத்த பூட்ஸும் இந்தக் காலத்தில் வந்துவிட்டது. ஆனாலும் கயிறு போய்விடவில்லை. கயிற்றை ஓர் இடத்தில் தளர்த்தலாம். இன்னோர் இடத்தில் இறுக்கலாம். அதுதான் அதன் பெருமை.

ஒரு நாளில் குதிகால் பல்லாயிரம் தடவை எழும்பி இறங்கும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்றால், தோல் எம்மாத்திரம்? கயிறு தளர்ந்திருந்தால் குதிகால் உரசும். உரசினால் கொப்புளம் வரும். கொப்புளம் உடைந்தால் நடக்க முடியாது.

அப்படியானால் இறுக்கிக் கட்டிவிடலாமே?

அதுதான் அதைவிடப் பெரிய ஆபத்து!

காலுக்குச் சூடு தருவது இரத்தம். கயிறு அழுத்தினால் இரத்தம் விரல்வரை போகாது. கம்பளிக் காலுறைக்குள் இருக்கும் காற்றும் சூட்டைக் காக்கிறது. கயிறு நசுக்கினால் அந்தக் காற்றும் போய்விடும். முதலில் விரல் குளிரும். அப்புறம் வலிக்கும். அப்புறம் வலி நின்றுவிடும். "அப்பாடா, வலி போயிற்று!" என்று மகிழக்கூடாது. விரல் உறையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முற்றிவிட்டால் விரலை எடுத்துவிட வேண்டியதுதான்.

தென்துருவ வீரரின் பூட்ஸ்

உலகத்தின் தென்கோடியில் முதலில் கால் வைத்தவர் அமுண்ட்சென். நார்வே நாட்டுக்காரர். அவருக்கும் பூட்ஸ் பெரிய தலைவலியாக இருந்தது!

பலகையோடு பூட்டுவதற்கு அடிப்பாகம் கெட்டியாக இருக்கவேண்டும். குளிர் தாங்க மேல்பாகம் மெத்தென்று இருக்கவேண்டும். அவர் நார்வேயிலிருந்து கொண்டுபோன பூட்ஸ் விறைப்பாக இருந்தது. போதிய இடமும் உள்ளே இல்லை.

செருப்புக்காகக் காலை வெட்டுவார்களா? பூட்ஸைத்தான் வெட்டினார்கள். 1911-ம் ஆண்டு. அவர்கள் தங்கிய இடத்தில் நான்கு மாதம் சூரியனே தெரியாத இருட்டு. பனிக்கு நடுவே மரவீட்டில் உட்கார்ந்து பூட்ஸைப் பிரித்தார்கள்; பெரிதாக்கினார்கள்; மறுபடி தைத்தார்கள்.

செப்டம்பர் 8-ந் தேதி எட்டுப் பேர் புறப்பட்டார்கள். அவசரப்பட்டுவிட்டார்கள்! குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரியையும் தாண்டிவிட்டது. சிலருடைய குதிகால்கள் உறைந்துபோயின. அமுண்ட்சென் பயணத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

திரும்பி வந்து சும்மா இருக்கவில்லை. மீண்டும் பூட்ஸைச் சீர்திருத்தினார்கள். அக்டோபரில் ஐந்து பேர் மட்டும் கிளம்பினார்கள். டிசம்பர் 14-ந் தேதி துருவத்தை அடைந்தார்கள். போகவர 99 நாள். ஐந்து பேரும் உயிரோடு திரும்பினார்கள்.

அவருக்குப் போட்டியாகப் போன ஆங்கிலேயர் ஸ்காட்டின் கூட்டத்தில் ஓட்ஸ் என்று ஒரு படைவீரர். திரும்பும் வழியில் அவருடைய கால்கள் உறைந்து புண்ணாகிவிட்டன. தன்னால் நண்பர்கள் பயணம் தாமதமாகிறது என்று கண்டார். 1912 மார்ச்சில் ஒரு நாள், கூடாரத்தை விட்டுப் பனிப்புயலுக்குள் நடந்துபோய்விட்டார். அவர் திரும்பி வரவே இல்லை.

கட்டுவது எப்படி?

குடிசைக்குள்ளேயே கட்டிவிடவேண்டும். வெளியே வந்து கையுறையைக் கழற்றினால் கைவிரல் விறைத்துவிடும்.

முதலில் கயிற்றை நன்றாகத் தளர்த்தி, பூட்ஸின் வாயை அகலத் திறக்கவேண்டும். காலுறையில் மடிப்பு இருக்கக்கூடாது. சிறு மடிப்பும் மாலைக்குள் கொப்புளமாகிவிடும். காலை நுழைத்ததும் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டவேண்டும். குதிகால் பின்னால் ஒட்டி உட்காரும். நடுவில் உள்ள "நாக்கை" நேராக இழுத்துவிடவேண்டும்.

இனிமேல் பூட்ஸை மூன்று பாகமாக நினைத்துக்கொள்ளவேண்டும்.

முதல் பாகம், விரல் பக்கம். இங்கே கயிறு தளர்ச்சியாக இருக்கட்டும். உள்ளே எல்லா விரலையும் ஆட்ட முடியவேண்டும். ஆடாவிட்டால் அவிழ்த்து மறுபடி கட்டவேண்டும்.

இரண்டாம் பாகம், புறங்காலும் கணுக்காலும் சேரும் மடிப்பு. இங்கேதான் இறுக்கம் வேண்டும். ஆனால் இங்கே இழுத்தால் விரல் பக்கமும் சேர்ந்து இறுகிவிடுமே! அதற்கு ஒரு தந்திரம் உண்டு. ஒரு கயிற்றை மற்றதன்மேல் ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று சுற்றி இழுக்கவேண்டும். அந்த இடத்திலேயே கயிறு பிடித்துக்கொள்ளும். கீழே தளர்ச்சி, மேலே இறுக்கம்! அறுவைச் சிகிச்சை செய்யும் டாக்டர்கள் தையல் நழுவாமல் இருக்க இப்படித்தான் முடிச்சுப் போடுகிறார்கள்.

மூன்றாம் பாகம், கணுக்காலுக்கு மேலே. மலை ஏறும்போது இதைத் தளர்த்தவேண்டும். அப்போதுதான் கணுக்கால் நன்றாக மடங்கும். இறங்கும்போது இறுக்கவேண்டும். இல்லாவிட்டால் கால் முன்னால் நழுவி, விரல்கள் பூட்ஸில் மோதும்.

குதிகால் ரொம்பவும் எழும்பினால்?

அதற்கும் வழி உண்டு. கணுக்கால் மடிப்புக்கு வந்ததும் கயிற்றைக் குறுக்கே மாற்றக்கூடாது. வலது கயிறு வலப்பக்கத்து அடுத்த கொக்கிக்கே நேராக ஏறவேண்டும். இடது கயிறும் அப்படியே. இப்போது இரண்டு பக்கமும் சிறு வளையம் தெரியும். வலது கயிற்றை இடது வளையத்திலும், இடது கயிற்றை வலது வளையத்திலும் விட்டு இழுக்கவேண்டும். பூட்ஸ் கணுக்காலைக் கவ்விக்கொள்ளும். குதிகால் அசையாது.

புறங்காலில் ஓர் இடம் வலித்தால், அந்த இடத்தின்மேல் கயிறு குறுக்கே போகவேண்டாம். இரண்டு பக்கமும் நேராக மேலே ஏற்றி, வலிக்கும் இடத்தைத் தாண்டியபின் மாற்றிக் கட்டினால் போதும்.

முடிச்சைப் பார்!

கடைசியில் போடும் பூ முடிச்சையும் கவனிக்கவேண்டும். இரண்டு காதும் பூட்ஸுக்குக் குறுக்கே கிடந்தால் முடிச்சு சரி. விரலுக்கும் முழங்காலுக்குமாக நெடுக்காகக் கிடந்தால் அது தப்பு; நடக்க நடக்க அவிழும். முதல் சுற்றை எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் சரியாகிவிடும்.

தொங்கும் நுனிகளை உள்ளே செருகவேண்டும். இல்லாவிட்டால் பனி கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். மாற்றுக் கயிறு ஒன்று பையில் இருக்கவேண்டும்.

கட்டிவிட்டால் வேலை தீர்ந்ததா? இல்லை. தோல் சூடேறி இளகும், கயிறு தளரும். ஆகவே புறப்பட்ட கால் மணி நேரத்தில் நின்று, மறுபடி கட்டவேண்டும்.

குழந்தைகள் கூட வந்தால் இன்னும் கவனம் தேவை. விளையாட்டு ஆசையில் கால் வலியைச் சொல்லமாட்டார்கள். "வலிக்கிறதா?" என்று கேட்டுப் பயனில்லை. "விரலை ஆட்டு, பார்க்கலாம்! தெரிகிறதா?" என்று கேட்கவேண்டும்.

இரவில் என்ன செய்வது?

மாலையில் பூட்ஸைக் கழற்றியதும் கயிற்றை அடிவரை தளர்த்தி, வாயை அகலத் திறந்து வைக்கவேண்டும். ஈரத் தோல் இரவில் விறைத்துவிட்டால் காலையில் கால் நுழையாது!

அடுப்பருகே வைத்துக் காயவைக்கக்கூடாது. தோல் சுருங்கி வெடிக்கும். பழைய பத்திரிகைக் காகிதத்தை உள்ளே திணித்து வைத்தால் போதும். காகிதம் ஈரத்தை உறிஞ்சிவிடும். நனைந்த காகிதத்தை எடுத்துவிட்டு வேறு காகிதம் வைக்கலாம்.

வடக்கே பனிநாட்டில் சாமி என்ற மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் பழைய காலத்தில் காலுறை போடவில்லை. கலைமான் தோல் பூட்ஸுக்குள் உலர்ந்த கோரைப்புல்லைத் திணிப்பார்கள். பனி நுழையாமல் கணுக்காலில் நெய்த நாடாவைச் சுற்றிக் கட்டுவார்கள். இரவில் புல்லை எடுத்து உலர்த்துவார்கள். மெத்தென்று இருக்கவேண்டும், ஈரம் கூடாது, கட்டு அழுத்தக்கூடாது என்ற மூன்றையும் அவர்கள் அன்றே அறிந்திருந்தார்கள்.

நின்றால் வெட்கமா?

கூட்டமாகப் போகும்போது ஒருவருக்குக் கால் வலிக்கும். "நம்மால் எல்லோரும் நிற்கவேண்டுமா?" என்று கூச்சப்படுவார். வாயை மூடிக்கொண்டு நடப்பார். கொப்புளமும் விறைப்பும் இப்படித்தான் முற்றுகின்றன.

மலைக்குப் போகிறவர்களுக்கு நார்வேயில் சில விதிகள் வகுத்திருக்கிறார்கள். காலத்தோடு திரும்பிவிடவேண்டும், திரும்புவதில் வெட்கம் இல்லை என்பது அவற்றில் ஒன்று. தென்துருவத்தை வென்ற அமுண்ட்செனே ஒரு தடவை திரும்பியவர்தானே!

திரும்புவதிலேயே வெட்கம் இல்லை என்றால், ஐந்து நிமிடம் நின்று பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டுவதில் என்ன வெட்கம்?

அந்த ஐந்து நிமிடம் பத்து விரலைக் காப்பாற்றும்!