ஒற்றை சாக்ஸ், பாதிப் போர்வை: தொடங்கிய கைவேலையை முடிப்பது எப்படி?

அலமாரியின் மேல்தட்டில் ஒரு பை இருக்கும். உள்ளே அம்மாவின் நான்கைந்து பழைய காட்டன் புடவைகள், ஆசையாக வெட்டி வைத்த சில சதுரத் துண்டுகள், ஒரு கத்தரிக்கோல். பக்கத்து கவரில் இரண்டு நூல் உருண்டை, நிட்டிங் ஊசிகள், ஒரே ஒரு குட்டி சாக்ஸ். ‘இந்த லீவுல முடிச்சிடலாம்’ என்று தொடங்கியது. அதற்குப் பிறகு எத்தனையோ லீவு வந்து போய்விட்டது.

லாக்டவுன் காலத்தில் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள், வேலை முடிந்ததும் செல்போனை ஓரமாக வைக்க ஒரு வழி தேடுபவர்கள் எனப் பலர் க்வில்ட் எனப்படும் ஒட்டுப் போர்வை தைப்பதிலும் சாக்ஸ் பின்னுவதிலும் இறங்குகிறார்கள். தொடங்குவது சுலபம், முடிப்பதில்தான் சிக்கல். முடிக்காத கைவேலைக்கு உலகம் முழுக்க இந்த வட்டாரத்தில் ஒரு செல்லப் பெயரே இருக்கிறது: ‘யுஎஃப்ஓ’. பறக்கும் தட்டு இல்லை, ‘அன்ஃபினிஷ்டு ஆப்ஜெக்ட்’.

‘பொழுதுபோக்குதானே, நின்னா என்ன?’ என்று கேட்கலாம். தாமதத்துக்கு ஒரு விலை இருக்கிறது. மடித்தே வைத்த பழைய துணி மடிப்பு விழுந்த இடத்தில் நைந்து கிழியும். மூன்று மாதக் குழந்தைக்கென்று தொடங்கிய சாக்ஸ், ஆறாவது மாதத்தில் காலில் ஏறாது. பாட்டிக்காகத் தைக்கும் போர்வை பாட்டி இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும்.

ஏன் பாதியில் நிற்கிறது?

சோம்பேறித்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. இலக்கு நெருங்க நெருங்க வேகம் கூடும் என்பதை அமெரிக்க உளவியலாளர் கிளார்க் ஹல் 1930-களிலேயே எலிகளை வைத்துச் சொன்னார். 2006-ல் வெளியான ஓர் ஆய்வு இதை மனிதர்களிடம், காபிக் கடையில் சோதித்தது. 10 காபி வாங்கினால் ஒன்று இலவசம் என்று ஒரு கார்டு கொடுத்தார்கள். இலவசக் காபி நெருங்க நெருங்க, மக்கள் அடுத்தடுத்த காபியைச் சீக்கிரமாக வாங்கினார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு சுவாரஸ்யம். சிலருக்கு 12 கட்டங்கள் உள்ள கார்டைக் கொடுத்து, முதல் இரண்டில் முன்கூட்டியே முத்திரை குத்தியிருந்தார்கள். இவர்களும் வாங்க வேண்டியது அதே 10 காபிதான். ஆனால், காலி கார்டு வாங்கியவர்களைவிட இவர்கள் சீக்கிரம் முடித்தார்கள். ‘ஏற்கெனவே தொடங்கிவிட்டது’ என்ற உணர்வு செய்த வேலை இது.

இப்போது சாக்ஸுக்கு வாருங்கள். முதல் சாக்ஸை முடித்ததும் மனசு ‘வேலை முடிந்தது’ என்று கணக்கை மூடிவிடுகிறது. இரண்டாவது சாக்ஸ், முத்திரை இல்லாத காலி கார்டு. பின்னுபவர்கள் இதை ‘செகண்ட் சாக் சிண்ட்ரோம்’ என்று கிண்டலாகச் சொல்வார்கள். ஒற்றை சாக்ஸ்கள் உலகெங்கும் அனாதையாகக் கிடப்பதன் ரகசியம் இதுதான்.

காடாம்புலியூரில் ஒரு பாடம்

கடலூர் மாவட்டம் பண்ருட்டியை அடுத்த காடாம்புலியூர், முந்திரிக்குப் பெயர்போன பகுதி. பருப்பின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை உரிப்பது முந்திரித் தொழிலில் ஒரு கட்டம். பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை. பொறுமையும் விரல் நுனிப் பழக்கமும் இல்லாவிட்டால் பருப்பு உடைந்துவிடும். உடைந்த பருப்புக்கு விலை குறைவு.

இந்த வேலையில் யாரும் மொத்தக் குவியலைப் பார்த்து மலைத்து உட்கார்ந்துவிடுவதில்லை. உரித்ததை எடை போட்டுப் பார்ப்பார்கள். இன்றைக்கு எத்தனை கிலோ என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். வேலைக்கு ஓர் அளவு இருக்கிறது, நாளுக்கு ஒரு முடிவு இருக்கிறது.

கூலிக்குச் செய்யும் அந்த உழைப்பையும் ஆசைக்குச் செய்யும் கைவேலையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால், நமது போர்வைக்கும் சாக்ஸுக்கும் இல்லாதது அந்தத் தராசுதான். ‘இன்னைக்கு எவ்வளவு ஆச்சு?’ என்ற கேள்விக்குப் பதில் இல்லாத வேலைதான் பெரும்பாலும் அலமாரிக்குப் போகிறது. அதனால் முதலில் கணக்குப் போடுவோம்.

ஒரு ஜோடி சாக்ஸ் = எத்தனை நாள்?

பெரியவர்களுக்கான சாக்ஸை மெல்லிய நூலில், சுமார் 2.5 மில்லிமீட்டர் ஊசியில் பின்னுவது வழக்கம். ஒரு சுற்றுக்கு 64 கண்ணிகள் என்று வைத்துக்கொள்வோம். கணுக்காலுக்கு மேலிருந்து விரல் நுனி வரை, குதிகாலையும் சேர்த்தால், ஏறத்தாழ 190 சுற்றுகள் வரும். அதாவது ஒரு சாக்ஸுக்கு சுமார் 12,000 கண்ணிகள்.

கேட்டாலே தலை சுற்றும். இப்போது வகுத்துப் பாருங்கள். புதிதாகக் கற்பவர் நிமிடத்துக்கு 20 கண்ணி போட்டால், ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம் சொச்சம். 20 நிமிடம் உட்கார்ந்தால் ஆறு சுற்று. தினமும் ஆறு சுற்று என்றால் ஒரு சாக்ஸ் ஒரு மாதத்தில் முடியும், ஜோடி இரண்டு மாதத்தில். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் ஜன்னல் சீட்டு கிடைத்தால், ஒரே பயணத்தில் அன்றைய கணக்கு முடிந்து மிச்சமும் இருக்கும்.

நம்ம ஊர் வெயிலுக்கு சாக்ஸா என்று கேட்பவர்களுக்கு: ஏசி ஆபீஸில் உட்காருபவர்கள், குளிர்நாட்டில் இருக்கும் பிள்ளைகள், பச்சிளம் குழந்தைகள் எனப் போட்டுக்கொள்ளக் கால்கள் நிறைய உண்டு. காட்டன் நூல் வெயிலுக்கு நல்லது. ஆனால், அதற்கு இழுவை குறைவு. போடப் போடத் தொளதொளக்கும். கொஞ்சம் நைலான் கலந்த நூல் வாங்கினால் பிடிப்பு நிற்கும். குதிகாலில் சீக்கிரம் ஓட்டையும் விழாது.

போர்வை = எத்தனை வாரம்?

ஒருவர் படுக்கும் கட்டிலுக்கு 60-க்கு 90 இஞ்ச் போர்வை போதும். 10 இஞ்ச் சதுரக் கட்டங்களாகப் பிரித்தால், அகலத்தில் 6, நீளத்தில் 9. மொத்தம் 54 கட்டங்கள். வாரத்துக்கு இரண்டு கட்டம் தைத்தால் 27 வாரம். தை பிறந்ததும் தொடங்கினால் ஆடி மாதத்தில் கட்டங்கள் முடிந்துவிடும். பிறகு அவற்றை இணைத்து, அடித்துணி வைத்து, எல்லா அடுக்குக்கும் சேர்த்து ஓட்டுத்தையல் போட இரண்டு மூன்று மாதம். ஐப்பசி மழை பிடிக்கும்போது போர்வை கையில் இருக்கும்.

இதில் அவசரம் கூடாத இடம் ஒன்றே ஒன்று: அளவு. ஓரத்துக்குக் கால் இஞ்ச் விட்டுத் தைப்பது க்வில்ட்டில் பொது விதி. ஒவ்வொரு கட்டத்திலும் எட்டில் ஒரு பங்கு இஞ்ச் பிசகினால், ஒன்பது கட்டம் சேரும்போது ஒரு இஞ்சுக்கு மேல் கோணிக்கொள்ளும். நிறைய போர்வைகள் நிற்பது இந்த இடத்தில்தான். ‘ஒண்ணோட ஒண்ணு பொருந்தல’ என்று சுருட்டி வைத்தால் அதோடு சரி. ஒவ்வொரு கட்டத்தையும் தைத்த கையோடு அயர்ன் செய்து, ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

வடநாட்டு ரஜாய் மாதிரி உள்ளே கனமாகப் பஞ்சு வைக்க வேண்டியதில்லை. கடலூர்ப் பக்கத்துக் காற்றுக்கு இடையில் ஒரு பழைய காட்டன் புடவை அடுக்கே போதும். வங்காளத்துக் ‘காந்தா’ இப்படித்தான் உருவானது. பழைய சேலை, வேட்டிகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்ட போர்வை அது. நாம் சொல்லும் ‘கந்தை’யும் அந்தச் சொல்லின் சொந்தம்தான்.

சென்னைப் பெண்கள் காட்டிய வழி

பெரிய வேலையைச் சின்ன அளவாகப் பிரித்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழு, 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் உலகின் மிகப் பெரிய குரோஷே போர்வைக்கான கின்னஸ் சாதனையைப் படைத்தது. பரப்பளவு 11,148.5 சதுர மீட்டர். ஏறத்தாழ 2.75 ஏக்கர்!

இதை யாரும் மைதானத்தில் உட்கார்ந்து பின்னவில்லை. பல ஊர்களிலும் நாடுகளிலும் இருந்த பெண்கள், வீட்டு வேலை, ஆபீஸ், பிள்ளைகளின் பரீட்சை எல்லாவற்றுக்கும் நடுவே ஒரே அளவிலான சிறு போர்வைகளைப் பின்னினார்கள். கடைசியில் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து இணைத்தார்கள். ஒருவர் கையில் எடுத்த வேலை, அவர் மடியில் அடங்கும் அளவில்தான் இருந்தது. அளவு முன்பே முடிவானதால் யார் துண்டும் யாருடைய துண்டோடும் பொருந்தியது. சேர்த்து வைக்கும் தேதி ஒன்று இருந்ததால் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்பதற்கு இடமில்லாமல் போனது.

சின்ன அளவு, பொதுவான அளவு, ஒரு தேதி. தனியாக வீட்டில் செய்பவருக்கும் இந்த மூன்றும் பொருந்தும்.

நாளைக்கே தொடங்க 7 வழிகள்

1. நேரத்தைவிட அளவே முக்கியம்: ‘தினமும் ஒரு மணி நேரம்’ என்று வைத்தால் இரண்டாம் நாளே விட்டுப்போகும். ‘ஆறு சுற்று’, ‘ஒரு கட்டம்’ என்று வையுங்கள். முடிந்ததா இல்லையா என்பது சந்தேகமில்லாமல் தெரியும்.

2. ஏற்கெனவே உள்ள பழக்கத்தோடு கட்டுங்கள்: ‘நேரம் கிடைக்கும்போது’ என்றால் கிடைக்காது. ‘ராத்திரி பால் காய்ச்ச வைத்ததும்’, ‘டீம் காலில் கேமரா ஆஃப் ஆனதும்’ என்று இடமும் நேரமும் குறிப்பாக இருக்கட்டும்.

3. பை கண்ணில் படட்டும்: அலமாரியின் மேல்தட்டு, கைவேலையின் சுடுகாடு. சோபா ஓரத்தில் ஒரு கூடை போதும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஊசியும் கத்தரிக்கோலும் மூடி உள்ள டப்பாவில் இருக்க வேண்டும்.

4. சுலபமான இடத்தில் நிறுத்துங்கள்: குதிகால் திருப்பும் கட்டத்தில், எண்ணிக்கை குழம்பிய நிலையில் வைத்தால் திரும்ப எடுக்க மனசு வராது. ‘42-வது சுற்று முடிந்தது, அடுத்து இரண்டாவது ஊசி’ என்று ஒரு சீட்டு எழுதி நூல் உருண்டையில் செருகுங்கள்.

5. இரண்டாவது சாக்ஸுக்கு முத்திரை குத்துங்கள்: முதல் சாக்ஸின் விரல் முனையை மூடும் முன், இரண்டாவதைத் தொடங்கி 10 சுற்று போட்டுவிடுங்கள். காபி கார்டு ரகசியம் இதுதான். பழகியவர்கள் நீளமான வட்ட ஊசியில் இரண்டையும் ஒரே நேரத்தில் பின்னுவார்கள்.

6. வாங்குவது செய்வது ஆகாது: புது நூல் ஆர்டர் போட்டதும் ஏதோ சாதித்த சந்தோஷம் வரும். கையில் இருப்பது முடியும்வரை கார்ட் காலியாக இருக்கட்டும்.

7. மாதம் ஒரு போட்டோ: ஒரே இடத்தில், ஒரே கோணத்தில். தினமும் தெரியாத வளர்ச்சி மாதக் கணக்கில் பளிச்சென்று தெரியும்.

ஒரு நாள் விட்டுப்போனால்? அடுத்த நாள் அதே ஆறு சுற்றுதான். விட்டதையும் சேர்த்து 12 என்று கடன் ஏற்றினால் இரண்டுமே நடக்காது. கழுத்து, மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு ஊசிக்கு லீவு.

மனசுக்கு என்ன லாபம்?

2013-ல் பிரிட்டிஷ் தொழில்வழி சிகிச்சை இதழில் ஓர் ஆய்வு வெளியானது. பின்னல் வேலை செய்யும் 3,545 பேரிடம் ஆன்லைனில் கேள்விகள் கேட்கப்பட்டன. அடிக்கடி பின்னுபவர்கள், தாங்கள் அமைதியாகவும் மகிழ்ச்சியாகவும் உணர்வதாகச் சொன்னது இதில் பதிவானது. அவர்களே சொன்ன பதில்கள் என்பதால் மருந்துச்சீட்டு மாதிரி எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால், கவனிக்க வேண்டிய வார்த்தை ‘அடிக்கடி’. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ராத்திரி முழுக்க விழித்துத் தைப்பதைவிட, தினம் கொஞ்சம் செய்வதோடுதான் அந்த உணர்வு சேர்ந்து வந்தது.

எல்லாவற்றையும் முடித்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. பிடிக்காத நிறம், போட ஆளில்லாத சாக்ஸ் என்றால் பிரித்துவிடலாம். பின்னலில் இது பெரிய வசதி: நூல் முழுசாகத் திரும்பக் கிடைக்கும். யோசித்து ஒரு வேலையைக் கைவிடுவதும் அந்தக் கணக்கை முடிப்பதுதான்.

கடைசி நான்கு துண்டுகள்

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி என்றொரு சமூகம் இருக்கிறது. நம் அம்மாவின் தங்கை இல்லை, ஆப்பிரிக்க வம்சாவளியினர். அந்தப் பெண்கள் பழைய துணிகளில் ‘கவந்தி’ என்ற போர்வையைக் கையாலேயே தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி, துண்டுக்கு மேல் துண்டாகச் சுற்றிச் சுற்றி நடுப்பகுதிக்கு வருவார்கள். எவ்வளவு முடிந்தது, எவ்வளவு பாக்கி என்பது எப்போதும் கண்ணெதிரே தெரியும்.

நடுப்பகுதி நிறைந்தாலும் வேலை முடியாது. நான்கு மூலையிலும் ‘பூலா’ என்ற சின்ன மடிப்புத் துணி வைத்துத் தைக்க வேண்டும். பூலா என்றால் பூ. அது இல்லாத போர்வை உடுத்தாத உடம்பு மாதிரி என்பது அவர்கள் நம்பிக்கை.

உங்கள் பையில் இருப்பது எதுவோ, அதை இன்று இரவு கீழே இறக்குங்கள். எத்தனை சுற்று, எத்தனை கட்டம் பாக்கி என்று எண்ணி ஒரு சீட்டில் எழுதுங்கள். இன்றைக்கு அவ்வளவு போதும். நாளைக்கு ஆறு சுற்று.